எட்டுப் பேர் குடும்பத்தோடு நியூஜெர்சி: எல்லோரும் ஒரே நேரத்தில் போகலாமா?

பிப்ரவரி 9, 2025 (கேள்வி)

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். கம்பெனி என்னை எல்-1 விசாவில் நியூஜெர்சிக்கு மாற்றுகிறது. அலுவலகம் பிரின்ஸ்டன் பக்கம். வீட்டில் எட்டுப் பேர்: நான், மனைவி, நான்கு பிள்ளைகள் (16, 12, 8, 3 வயது), அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 67. வெஸ்ட் வின்ட்சர், பிளெயின்ஸ்பரோ பள்ளிகள் ரொம்ப நல்லவை என்கிறார்கள். கூட்டுக் குடும்பமாகவே இருந்து பழகிவிட்டோம். எல்லோரையும் ஒரே விமானத்தில் கூட்டிப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். நல்ல பள்ளி இருக்கும் ஊரில் வீடு எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் அல்லவா?

பிப்ரவரி 9, இரவு

ஆகாது தம்பி. பள்ளியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நான் இருப்பது பிளெயின்ஸ்பரோவில். மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று பெரிய குடும்பத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் என்பதால் சொல்கிறேன்: உங்கள் 12 வயதுக்கும் 8 வயதுக்கும் இந்த ஊர் ஒரு பிரச்சினையே இல்லை, அவர்கள் ஆறே மாதத்தில் இங்கத்துப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது பதினாறு வயதையும் எழுபத்திரண்டு வயதையும். இந்த இருவருக்கும் என்ன வழி என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் பள்ளி ரேட்டிங் பாருங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

முதலில் விசா. எல்-1 வைத்திருப்பவரின் குடும்பம் என்றால் அமெரிக்கச் சட்டத்துக்கு மனைவியும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் மட்டும்தான். அவர்களுக்கு எல்-2. அப்பா அம்மாவுக்கு அதில் இடமே கிடையாது. அவர்கள் பி-2 சுற்றுலா விசாவில்தான் வரலாம். இறங்கும்போது வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் அடிக்கடி வந்து ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் தங்கினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கும் உரிமை 21 வயதான அமெரிக்கக் குடிமகனுக்குத்தான் உண்டு. நீங்கள் குடிமகன் ஆகும்போது அப்பாவுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே "எட்டுப் பேரும் குடியேறுவது" என்ற ஒன்று இல்லை. ஆறு பேர் குடியேறலாம், இரண்டு பேர் வந்து போகலாம். இதை அப்பா அம்மாவிடம் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "எல்லோரும் போகிறோம்" என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, தூதரக வாசலில் அவர்கள் உண்மையைத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

பிப்ரவரி 12

உங்கள் மனைவி வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். 2022 முதல் எல்-2 துணைவருக்கு ஐ-94 தாளில் (நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவு செய்யும் ஆவணம்) எல்-2எஸ் என்று குறிப்பு வருகிறது. அதுவே வேலை அனுமதி, தனியாக அட்டை வாங்கக் காத்திருக்க வேண்டாம். இறங்கியதும் அந்த எழுத்து சரியாக இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் மனைவிமார் பலருக்கு இந்த வசதி கிடையாது, உங்களுக்கு இது பெரிய பலம். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சம்பளத்தில் இந்தப் பகுதியில் இருப்பது மிகவும் கஷ்டம்.

பிப்ரவரி 16

வீடு. இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் எங்களை அதிகம் நோகடித்தது இதுதான்.

நம் ஊரில் வீடு பார்க்கும்போது எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதிகம் என்றால் தண்ணீர் செலவாகும் என்பார்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு பெட்ரூமுக்கு இரண்டு பேர் என்பது பொதுவான அளவுகோல். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 1991இல் ஒரு குறிப்பில் இது நியாயமான அளவு என்று சொன்னது, அதிலிருந்து வாடகை அலுவலகங்கள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டன. அப்படியானால் உங்கள் ஆறு பேருக்கு மூன்று பெட்ரூம், எட்டுப் பேருக்கு நான்கு. இந்தப் பக்கம் அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு பெட்ரூம்தான். மூன்று என்றாலே டவுன்ஹவுஸ், நான்கு என்றால் தனி வீடு. ஒவ்வொரு படிக்கும் வாடகை எகிறும்.

நாங்கள் போன ஒரு வாடகை அலுவலகத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "உங்களுக்கு இந்தக் குடியிருப்பு ஒத்துவராது" என்றார். எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும்: பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக வீடு மறுப்பது மத்திய அரசுச் சட்டப்படி தவறு. 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988இல்தான் இதைச் சேர்த்தார்கள். பெட்ரூம் அளவை வைத்து மறுக்கலாம், பிள்ளைகளை வைத்து மறுக்கக் கூடாது. எழுத்தில் காரணம் கேளுங்கள். கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

டெபாசிட் விஷயம்: நியூஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது என்பது சட்டம். உங்களுக்கு இங்கே கிரெடிட் ஸ்கோர் இருக்காது, அதைக் காட்டி நிறையக் கேட்பார்கள். கம்பெனியின் சம்பளக் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள். முடிந்தால் கம்பெனியையே முதல் இரண்டு மாதத்துக்குத் தற்காலிக வீடு தரச் சொல்லுங்கள். மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் கொடுப்பார்கள், அப்புறம் கேட்டால் கிடைக்காது.

அப்பா அம்மா வந்து தங்குவதற்கும் லீஸில் ஒரு வரி இருக்கும். விருந்தினர் இத்தனை நாளுக்கு மேல் தங்கினால் அனுமதி வாங்க வேண்டும் என்று. ஆறு மாதம் தங்கும் பெற்றோர் விருந்தினரா, குடியிருப்பவரா? கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17

முகவரி பற்றி ஒன்று விட்டுவிட்டேன். விளம்பரத்தில் "பிரின்ஸ்டன்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். 08540 என்ற அஞ்சல் எண் பிரின்ஸ்டனைத் தாண்டிப் பக்கத்து ஊர்களுக்குள்ளும் போகிறது. கடிதம் பிரின்ஸ்டன் என்று வரும், பிள்ளை போகும் பள்ளி வேறு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இருக்கும். வீட்டு எண்ணைச் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே விசாரியுங்கள். பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டி, வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுண்டி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பள்ளி மாவட்டம், உயர்நிலைப் பள்ளி நார்த், சவுத் என்று இரண்டு.

பிப்ரவரி 23

சேலத்திலிருந்து ஒருவர், "கூட்டுக் குடும்பமாக வாழ்வதே அங்கே சட்டவிரோதமா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. ஆனால் அது தானாகக் கிடைத்த உரிமையும் இல்லை. ஓஹையோவில் ஈஸ்ட் கிளீவ்லேண்ட் என்ற புறநகரில் குடும்பம் என்றால் யார் யார் என்று நகராட்சி சட்டம் போட்டிருந்தது. ஐனஸ் மூர் என்ற பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் இருந்தார். பேரன்கள் இருவரும் வேறு வேறு பிள்ளைகளுக்குப் பிறந்தவர்கள், அதனால் ஒரு பேரன் குடும்பக் கணக்கில் வரமாட்டான், அவனை வெளியே அனுப்பு என்றார்கள். அனுப்பவில்லை என்று அந்தப் பாட்டிக்கு 25 டாலர் அபராதமும் ஐந்து நாள் சிறையும். உச்ச நீதிமன்றம் வரை போய் 1977இல் ஜெயித்தார். தாத்தா, பாட்டி, பேரன் எல்லாம் சேர்ந்து வாழ்வது இந்த நாட்டின் மரபிலும் ஆழமாக உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

நாங்கள் ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது இந்த வழக்கு தெரிந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மார்ச் 2

மூத்த பையன். பதினாறு வயது என்றீர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறான் என்று நினைக்கிறேன்.

இங்கே பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் பிற்பகுதியில் முடியும். வயதையும் அங்கே படித்ததையும் பார்த்து வகுப்பு தருவார்கள், அவன் அநேகமாக பதினொன்றில் உட்காருவான். கல்லூரிகள் பார்க்கும் மதிப்பெண் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். நியூஜெர்சியில் பள்ளி முடிக்க 120 கிரெடிட், அதாவது பாடப் புள்ளி, வேண்டும், அதில் இரண்டு ஆண்டு அமெரிக்க வரலாறு கட்டாயம். மற்றவர்கள் நான்கு ஆண்டில் பிரித்துப் படிப்பதை இவன் இரண்டே ஆண்டில் அடைக்க வேண்டும். என் மூத்தவனும் பதினொன்றில்தான் வந்து சேர்ந்தான். கணக்கில் அவனை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஆனால் மதிய உணவு மேசையில் உட்கார ஆள் கிடைக்க ரொம்ப நாள் ஆயிற்று. மற்ற பிள்ளைகள் மழலையர் வகுப்பிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, இவனுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 21 வயது. அன்றோடு அவனுடைய எல்-2 முடிந்துவிடும். எல்-1பி (சிறப்பு அறிவுள்ள ஊழியருக்கானது) என்றால் உங்களுக்கே ஐந்து ஆண்டுதான், எல்-1ஏ (மேலாளருக்கானது) என்றால் ஏழு. அதற்குள் கிரீன் கார்டு வருமா? எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. நீங்கள் மேலாளர் பதவியில் எல்-1ஏ என்றால் இபி-1 வழி இருக்கிறது, அது கொஞ்சம் வேகம், அதிலும் காத்திருப்பு உண்டு. பையன் 21 ஆனதும் எப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கல்லூரிக்கு மத்திய அரசின் கல்வி உதவி எதுவும் கிடைக்காது. பகுதி நேர வேலைக்கும் எல்-2 பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. வகுப்புத் தோழன் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக் கைச்செலவுக்குச் சம்பாதிப்பான், உங்கள் பையன் ஐந்து டாலருக்கும் உங்களிடம்தான் வந்து நிற்க வேண்டும். பதினேழு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

என் யோசனை: அவனைத் திருச்சியிலேயே தாத்தா பாட்டியோடு விடுங்கள். பிளஸ் டூ முடிக்கட்டும். தாத்தா பாட்டிக்கும் துணை, இவனுக்கும் படிப்பு கெடாது. கோடை விடுமுறையில் எல்-2இலேயே வந்து போகலாம்.

மார்ச் 4

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மனசு ஒப்பவில்லை.

என் நாத்தனார் குடும்பம் இதைத்தான் செய்தது. அவர்கள் டெக்சஸில், மூத்த பெண் மட்டும் மதுரையில் பாட்டி வீட்டில். படிப்பு நன்றாகவே போயிற்று. ஆனால் தம்பி தங்கைகள் வளர்ந்த காலம் முழுக்க அவள் ஒரு போன் திரையாகத்தான் இருந்தாள். இப்போது அவள் டெக்சஸ் போனால் விருந்தாளி மாதிரி இருக்கிறது என்கிறாள்.

ஆகவே நான் சொன்னதை முடிவாக எடுக்காதீர்கள். பையனையே கேளுங்கள். "நீ என்ன நினைக்கிறாய்" என்று பொதுவாகக் கேட்டால் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வான். 21 வயது, வேலை அனுமதி இல்லாமை, இரண்டு ஆண்டு வரலாறு எல்லாவற்றையும் ஒரு பெரிய ஆளிடம் சொல்வதுபோல் விவரமாக முன்னால் வைத்துவிட்டுக் கேளுங்கள். வருகிறேன் என்றால் இந்த ஆகஸ்டிலேயே கூட்டி வாருங்கள். ஓராண்டு தள்ளினால் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து விழுவான், அது எல்லாவற்றையும்விட மோசம்.

மார்ச் 15

மருத்துவம். பிள்ளைகள் நான்கு என்பது இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரே இடம்: பெரும்பாலான கம்பெனித் திட்டங்களில் "குடும்பம்" என்று ஒரே பிரீமியம்தான், பிள்ளை ஒன்றானாலும் ஐந்தானாலும். ஆனால் சிகிச்சைக்கு ஓராண்டில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையின் உச்ச வரம்பைப் பாருங்கள். 2025இல் சட்டம் அனுமதித்தது குடும்பத்துக்கு 18,400 டாலர் வரை. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். காய்ச்சலுக்கும் சிராய்ப்புக்கும் எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள், அர்ஜென்ட் கேர் என்று தனியாக இருக்கிறது.

அப்பா அம்மா அந்தத் திட்டத்தில் வரமாட்டார்கள். வருகையாளர் காப்பீடு வாங்கலாம், ஆனால் அது ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் கொடுக்காது. அப்பாவுக்குச் சர்க்கரையோ இதயப் பிரச்சினையோ இருந்தால் அந்தக் காப்பீட்டை நம்பி ஆறு மாதம் வைத்திருக்காதீர்கள். மூன்று மாத மருந்தை டாக்டர் சீட்டோடு கொண்டு வரச் சொல்லுங்கள், தங்குவதையும் மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். இதில் நான் கண்டிப்பு.

மார்ச் 29

தடுப்பூசி. இப்போதே ஆரம்பியுங்கள். நம் அரசுத் திட்டத்தில் போடுவது எம்ஆர், அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும். நியூஜெர்சி பள்ளி பொன்னுக்குவீங்கிக்கும் ஊசி கேட்கும், அதனால் எம்எம்ஆர் போட்டிருக்க வேண்டும். சின்னம்மை ஊசியும் கேட்பார்கள், அதுவும் நம் அரசு அட்டவணையில் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் மெனிங்கோகாக்கல் (மூளைக்காய்ச்சல் தடுப்பூசி), டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் தடுப்பூசி) இரண்டும் வேண்டும், ஆகவே 12 வயதுக்கும் 16 வயதுக்கும் பாருங்கள். எல்லாவற்றையும் திருச்சியிலேயே போட்டு, ஆங்கிலத்தில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காசநோய்ச் சோதனை கேட்டால் தோலில் குத்தும் சோதனை வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியால் தோல் சோதனை சில பிள்ளைகளுக்கு வீங்கிக் காட்டும். என் நடுப் பெண்ணுக்கு அப்படி ஆகி, எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்கும் வரை பள்ளியில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 13

"பள்ளி நன்றாக இருந்தால்" என்றீர்களே, அந்தப் பள்ளியைப் பற்றியே ஒன்று. 2015இல் இந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், பலரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று. அதன் பிறகு உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழுஆண்டுப் பெருந்தேர்வுகளை எடுத்துவிட்டார்கள், நான்காம் வகுப்பிலேயே தொடங்கிய மேம்பட்ட கணக்கு வகுப்பையும் மாற்றினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. எதிர்த்தவர்களில் நம்மவர்களும் சீனர்களும் அதிகம். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

நான் இந்தக் கடிதத்தின் பக்கம். நம் பிள்ளைகள் பள்ளி விட்டதும் கணக்கு டியூஷன், அப்புறம் வயலின், அப்புறம் ஸ்பெல்லிங் என்று போவதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் எட்டு வயதுப் பிள்ளையை முதல் ஆண்டு எதிலும் சேர்க்காதீர்கள். சைக்கிள் ஓட்டட்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். பெட்டியில் என்ன கொண்டு வரலாம் என்று உங்கள் மனைவி கேட்டிருந்தார். அரிசி வேண்டாம்மா, இந்தியாவிலிருந்து பையில் அரிசி கொண்டுவர அனுமதி இல்லை, தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு காரணம். கறிவேப்பிலையும் எடுத்துவிடுவார்கள், எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று. இங்கே எடிசனில் ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம் கடைகள்தான், எல்லாம் கிடைக்கும். வெட் கிரைண்டர் கொண்டு வருவதென்றால் 110 வோல்ட் மாடலா என்று பாருங்கள். இட்லித் தட்டு பெரியதாக எடுத்து வாருங்கள். நான்கு பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்கும் சின்னத் தட்டு போதாது.

மே 18

மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அரசுப் பள்ளியில் ஐந்து வயதில்தான் கிண்டர்கார்டன். அதுவரை டேகேர் கட்டணம் எங்களுக்கு வாடகையில் பாதியளவு வந்தது. மனைவி வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதே இதை வைத்துத்தான்.

வரியும் ஒன்று. எல்-2 பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது, வரிக் கணக்குக்கு மட்டும் தரும் ஐடிஐஎன் எண்தான். அதனால் இங்கத்துப் பெற்றோருக்குக் கிடைக்கும் பெரிய பிள்ளை வரிச்சலுகை உங்களுக்கு இல்லை, பிள்ளைக்கு 500 டாலர்தான். ஐடிஐஎன் வாங்க அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் போடாதீர்கள், சான்றளிக்க அதிகாரம் உள்ள முகவரிடம் நேரில் போங்கள்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்ச காலம் ஒத்திப் போடுங்கள். நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரியே 2024இல் ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. இந்த ஊர்களில் அதைவிட அதிகம். பள்ளி நடப்பதே பெரும்பாலும் அந்த வரியில்தான், வாடகைக்கு இருந்தாலும் அதே பள்ளிதானே.

ஜூன் 8

அப்பா அம்மா விஷயத்தில் எனக்கு மறுபடி ஒரு யோசனை. மார்ச்சில் மூன்று மாதம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். காப்பீடு பற்றிச் சொன்னது அப்படியே நிற்கட்டும். எந்த மூன்று மாதம் என்பதைச் சேர்க்கிறேன். எல்லோரும் பேரப்பிள்ளைகளின் விடுமுறை என்று ஜூலையில் அழைப்பார்கள். நான் மே பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை என்பேன். பனி விழும் பயம் போய்விடும், மண்ணில் விதை போடலாம். என் மாமியார் பின்கட்டில் அவரையும் வெண்டையும் போட்டார். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒரு வேலை இருந்தது. அதே மாமியார் ஒரு ஜனவரியில் வந்திருந்தபோது ஜன்னலை விட்டு நகரவில்லை. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு நடக்கப் போகவும் முடியாது, கார் ஓட்டவும் தெரியாது, பேச ஆளும் இல்லை. மாமனார் மூன்றாவது வாரமே டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னார்.

மே முதல் இந்தப் பக்கத்துப் பூங்காக்களில் சாயங்காலம் போனால் நம் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக நடப்பார்கள். அப்பாவை முதல் வாரமே அங்கே அழைத்துப்போய் யாரிடமாவது அறிமுகம் செய்துவிடுங்கள். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் காரில்தான் போக முடியும், சனி ஞாயிறு ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள்.

ஜூன் 22

கார்: எட்டு வயது நிறையும் வரை அல்லது 57 அங்குல உயரம் வரும் வரை பூஸ்டர் சீட் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) கட்டாயம். உங்கள் எட்டு வயதுக்காரருக்கு வேண்டாம், மூன்று வயதுக்குக் கார் சீட்டே வேண்டும். ஆறு பேருக்கு ஏழு சீட் போதும் என்பார்கள், எட்டு சீட் மினிவேனாகவே எடுங்கள். பெற்றோர் வரும் கோடையில் இரண்டு காரில் பிரிந்து போகாமல் எல்லோரும் ஒரே வண்டியில் கோயிலுக்குப் போகலாம்.

ஜூலை 20

படித்தேன் தம்பி. பையன் வருகிறேன் என்று அவனே சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பெற்றோர் அடுத்த மே மாதம் என்பதும் நல்ல முடிவு. அம்மா அழுதார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழட்டும், அதை அடக்கச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறங்குகிறீர்கள் என்றால் லீஸ் கைக்கு வந்த அன்றே பள்ளிப் பதிவை இணையத்தில் ஆரம்பியுங்கள். படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலச் சோதனை வைப்பார்கள், அதற்குப் பயந்து சிலர் ஆங்கிலம் என்று எழுதுகிறார்கள். சோதனையில் தேறினால் சாதாரண வகுப்பு, தேறாவிட்டால் தனி உதவி ஆசிரியர். இரண்டுமே பிள்ளைக்கு நல்லது. மூத்தவனின் ஒன்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பாடத்திட்டத்தோடு கையில் வைத்துக்கொண்டு பள்ளி ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, முதல் இரண்டு வாரத்திலேயே போய்விடுங்கள். எந்தக் கணக்கு வகுப்பு, எந்த ஆண்டு எந்த வரலாறு என்று அன்றே முடிவாகிவிடும். நான் வீட்டில்தான் இருப்பேன், கூட வர வேண்டுமென்றால் சொல்லுங்கள்.